முதிரை அலுமாரியின் வலது கதவு

போருக்கு முந்திய தளபாடம் என்று எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கதவு முதிரைமர அலுமாரி. அது தப்பியதே அக்காவின் கல்யாணத்தால்தான். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தது. அடுத்த வருடம் அக்கா வவுனியாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது அப்பா அந்த அலுமாரியையும் லொறியில் ஏற்றிவிட்டார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கி, திறந்து காட்டி, திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஊர் முள்ளியவளையில் நின்ற கட்டில், சாய்மனைக் கதிரை, வாங்கு ஒன்றும் நாங்கள் மீள்குடியேறி வந்தபோது இல்லை. கூரையே இல்லை, பிறகு கட்டிலைத் தேடுவதா!

போன வருடம் அக்கா வீட்டைத் திருத்தி, சுவரோடு சேர்த்து புது அலுமாரிகள் அடித்துவிட்டார். "இனி இது உன்னட்டையே இருக்கட்டும்" என்று பழையதை அனுப்பிவைத்தார். வந்ததில் இடது கதவு அப்படியே இருந்தது. வலது கதவு நிலைக்கண்ணாடி பதித்தது. எப்போதோ கண்ணாடி உடைந்து, சட்டமும் பிளந்து, அந்த இடத்தில் மண்ணிறப் பெயின்ற் அடித்த பிளைவூட் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புதுக்கதவு செய்வோம் என்று இறங்கினேன். கதவு செய்ய எனக்குப் போனது நான்கு சனி ஞாயிறு. அதன் நிறத்தை இடது கதவோடு சேர்க்கப் போனது ஐந்து மாதம். இந்தப் பதிவு அந்த ஐந்து மாதத்தைப் பற்றியது.

மரத்தைப் பற்றி மட்டும் முதலில் சொல்லவேண்டும். முதிரையை நினைத்தபடி வெட்டவும் முடியாது, ஏற்றவும் முடியாது; எல்லாவற்றுக்கும் பெர்மிற். நல்ல வேளையாக, பழைய வீட்டுத் தீராந்தி (உத்தரம்) ஒன்றின் இரண்டு துண்டுகள் குசினிக்குப் பின்னால் கிடந்தன. அவற்றை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு மரக்காலைக்குப் போனேன். வாள்காரர் மரத்தைப் பார்க்கவே இல்லை. முதல் கேள்வி: "எந்த வளவு? ஷெல் விழுந்த வளவோ?" வன்னியில் மரம் அரிகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள். உள்ளே ஒரு துண்டு இரும்பு இருந்தால் வாள் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து, காந்தத்தைத் தடவித் தடவி, உளியால் கிண்டிப் பார்த்தேன். இரண்டு ஆணி, நகமளவில் ஒரு ஷெல் துண்டு. அந்தத் துண்டைச் சுற்றி மரம் இரண்டு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்து, கறுப்பு நாருக்குள்ளால் மூன்று அங்குலம் ஓடியிருந்தது. இரும்புத் துருவும் மரத்துச் சாறும் சேர்ந்தால் அப்படித்தான் மை மாதிரிக் கறுக்கும். ஒக்சாலிக் அமிலம் போட்டால் வெளுக்கும் என்பது தெரியும். போடவில்லை. அந்தப் பலகையைக் கதவின் உட்பக்கம் பார்க்க வைத்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதிரைத் தூள் பொல்லாதது. ஒரு பின்னேரம் சட்டை கழற்றிவிட்டு சான்ட் பேப்பர் போட்டதில், அடுத்த நாள் முழங்கை மடிப்பு, கழுத்து எல்லாம் தடித்துச் சிவந்து சொறி பிடித்துவிட்டது. முதிரைத் தூள் பலருக்கு இப்படித் தோலில் ஒவ்வாமை தரும். பிறகு நீளக்கைச் சட்டை, முகமூடி இல்லாமல் கை வைக்கவில்லை.

சரி, கதவு தயார். இடது கதவின் நிறத்துக்கு என்ன பூசுவது?

ஊரில் ஓடாவி வேலை செய்து ஓய்ந்த ஒரு ஐயா இருக்கிறார். அலுமாரியைப் பார்க்கச் சொல்லிக் கூட்டிவந்தேன். நான் நிற மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "இது தேக்கு நிறமோ, வால்நட் நிறமோ?" என்று கேட்டேன். அவர் மட்டையை வாங்கி ஒரு பக்கமாக வைத்தார்.

"தம்பி, முதல்ல உதைக் கழுவு. ஊத்தைக்கே நிறம் சேர்க்கப் போறாய்?"

அவர் சொன்னது சரி. சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருதரம், காய்ந்த பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் இன்னொருதரம் துடைத்தேன். துணி இரண்டும் தேநீர் வடித்த மாதிரி வந்தன. பூட்டைச் சுற்றி, கை படுகிற இடத்தில் இருந்த கறுப்பு எல்லாம் பல வருட விரல் எண்ணெய். கழுவின பிறகு கதவு ஒரு படி வெளிறியது. நான் மட்டையில் தெரிந்து வைத்திருந்த நிறம் அந்த நிமிடமே பிழைத்துப்போனது.

"அடுத்தது, என்ன பூசியிருக்கெண்டு பார். நிறத்தைப் பிறகு பாப்பம்" என்றார் ஐயா.

பழைய மரத்தில் என்ன பூச்சு இருக்கிறது என்று பார்ப்பது பெரிய வித்தையல்ல. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கண்ணில் படாத மூலையில் ஒரு நிமிடம் வைத்திருக்கவேண்டும். ஒட்டுப்பட்டுக் கரைந்து வந்தால் அது ஷெலாக். அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கிற அந்தப் பழைய கைப்பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர், கடைத் தளபாடத்துக்கு அடிக்கிற பூச்சு. இரண்டுக்கும் சும்மா இருந்தால் வார்னிஷ் அல்லது பொலியூரிதேன் வகை. கதவைத் திறந்து, உட்பக்கத்தில், கீழ்ப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் வைத்தேன். ஒரு நிமிடத்தில் பஞ்சு மரத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்தால் பனங்கட்டி நிறத்தில் கறை. ஷெலாக்.

அப்பா காலத்து வேலைக்கு அதுதானே இருக்கும் என்று எனக்குச் சந்தோஷம். ஐயாவும் தலையாட்டிவிட்டுப் போனார். வவுனியாவில் செதில் செதிலான ஷெலாக் வாங்கினேன். அரை லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் என்ற கணக்கில் ஊறவைத்து, இரவு முழுக்கக் கலக்கிக் கலக்கி, நைலோன் துணியில் வடித்தேன். பழந்துணிக்குள் பஞ்சு வைத்துப் பொட்டணம் கட்டி, ஐந்து தடவை பூசினேன். கார்த்திகை மாதம், வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டது. மூன்றாம் தடவை பூசும்போது வெளியே இருண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்க, கதவு பனி படர்ந்த மாதிரி வெள்ளை பூத்தது. ஸ்பிரிட் காயும்போது மேற்பரப்பைக் குளிர்த்தும். காற்றில் ஈரம் கூடினால் அந்த ஈரம் பூச்சில் இறங்கிவிடும். லாக்கரும் இதே கூத்துத்தான் காட்டும். வெயில் வந்த ஒரு நாள் ஸ்பிரிட் சற்றுத் தொட்ட பொட்டணத்தால் இலேசாக இழுக்க வெள்ளை போனது. இன்னும் இரண்டு தடவை பூசி, காயவிட்டு, கதவை மாட்டினேன்.

மாட்டிவிட்டு நாலடி பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. புதுக்கதவு தேன் மாதிரி, மரத்துக்குள் இருந்து ஒளிர்ந்தது. பழையது அதைவிட மஞ்சளாக, அதைவிடத் தடிப்பாக, ஒரு கண்ணாடிப் படலத்துக்குக் கீழே இருந்த மாதிரி நின்றது. அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"என்னடா, ஒரு கால்ல செருப்பும் மற்றக் கால்ல சப்பாத்தும் மாதிரி நிக்குது!"

"நீங்கள் இதுக்கு ஏதும் பூசினீங்களோ?"

"நான் பூசேல்லை. வீட்டுக்குப் பெயின்ற் அடிச்ச பெடியன், மிஞ்சின வார்னிஷை இதுக்கும் அடிச்சவன். வெளிப்பக்கம் மட்டும். உள்ளுக்கு ஏன் வீணாக்குவான்?"

விஷயம் இதுதான். 'மறைவான இடத்தில் சோதி' என்பது நல்ல புத்திமதி; எல்லாரும் சொல்வது. ஆனால் மறைவான இடத்தை வேறு யாரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. வீட்டில் உள்ளவர்கள் மேல் மேலாகப் பூசினதெல்லாம் முகத்துக்கு மட்டும். உட்பக்கம் அப்பா காலத்திலேயே நிற்கும். நான் சேர்க்கவேண்டியது முகத்தோடு, சோதித்ததோ முதுகை. முகத்திலேயே, அடிச்சட்டத்தின் கீழ் ஓரத்தில், தரையைப் பார்த்தபடி இருக்கிற அரை அங்குலத்தில் ஸ்பிரிட் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தின்னர் வைத்தேன். சற்றே மங்கியது, கரையவில்லை. பிளேடால் ஒரு செதில் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் திரும்ப ஸ்பிரிட் வைத்தால், கீழே இருந்த ஷெலாக் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே ஷெலாக், மேலே எண்ணெய் வார்னிஷ். வார்னிஷ் வருடத்துக்கு வருடம் மஞ்சளாகிக்கொண்டே போகும். அந்தக் கண்ணாடிப் படலமும் மஞ்சளும் அதுதான்.

மழை விடும் வரைக்கும் வேலையை நிறுத்தினேன். மார்கழியும் தையும் போக்காட்டியது மாதிரித் துண்டுகளிலேயே.

மாதிரித் துண்டு என்றால் உள்ளங்கை அகலத்தில் ஏதோ ஒரு பலகையில் பூசிப் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கதவு செய்து மிஞ்சிய அதே முதிரைத் துண்டாக இருக்கவேண்டும். கதவைப் போலவே 120, 180, 240 என்று (எண் கூடக்கூட மென்மை) படிப்படியாகச் சான்ட் பேப்பர் போட்டிருக்கவேண்டும். 120இல் நிறுத்திய துண்டு அதே சாயத்தைக் கூடுதலாகக் குடித்து இருண்டு நின்றது. நாரைக் குறுக்கே வெட்டின முகம் இன்னும் மோசம், கறுத்தே போகும். ஆறு துண்டு எடுத்து, ஒவ்வொன்றிலும் கால்வாசியைப் பூசாமல் விட்டு, பின்பக்கத்தில் என்ன, எத்தனை தடவை என்று பென்சிலால் எழுதினேன். எழுதாவிட்டால் மூன்றாம் நாளே எது எது என்று தெரியாமல் போகும். எனக்கு ஒன்று அப்படிப் போனது.

ரின்னில் வருகிற தேக்கு நிறச் சாயம்தான் முதலில். சிவந்தது. அதைவிட மோசம், முதிரையின் மினுக்கத்தையே கொன்றுவிட்டது. முதிரை என்றால் பட்டுச்சேலை மாதிரி, பக்கம் மாறிப் பார்க்க ஒளி ஓடவேண்டும். சாயத் தூள் மேலே உட்கார்ந்ததும் அது சீமெந்துச் சுவராகிவிட்டது. தண்ணீரில் கரைகிற தெளிந்த பூச்சு மரத்தைச் சோகை பிடித்த மாதிரி விட்டது. நிறமே ஏறவில்லை. புதுத் தளபாடத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், பழையதுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. சீலர் என்ற அடிப்பூச்சும் லாக்கரும் போட்ட துண்டு அழகாகத்தான் இருந்தது, ஆனால் கடையில் வாங்கின அழகு. லின்சீட் எண்ணெய் ஒரு கை தடவி, ஒரு வாரம் காயவிட்டு, மேலே ஷெலாக்கும் வார்னிஷும் போட்ட துண்டுதான் எல்லாவற்றையும்விட நல்லது. மஞ்சளும் ஆழமும் ஒரேயடியாக வந்தன. ஆனால் அதை நான் கதவுக்குச் செய்ய முடியாது. ஐந்து தடவை ஷெலாக் பூசி மரத்தின் வாயை அடைத்தாயிற்று. இனி எண்ணெய் குடிக்காது. வெறும் மரம் வரும் வரைக்கும் சுரண்டவேண்டும். அவசரப்பட்டு முழுக்கதவுக்கும் பூசியதன் விலை அது.

(லின்சீட் எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம். காயும்போது உள்ளே சூடேறித் தானாகவே பற்றும். நான் வேலியில் விரித்துப் போட்டுக் காயவைத்தேன்.)

மிஞ்சினது இரண்டு: ஷெலாக்குக்கு மேல் வார்னிஷ் மட்டும், மற்றது ஷெலாக்கின் கடைசித் தடவையில் ஒரு சிட்டிகை சுட்ட அம்பர்த் தூள் (burnt umber என்ற மண்ணிறத் தூள்) சேர்த்து, மேலே வார்னிஷ். அம்பர் ஸ்பிரிட்டில் கரையாது, மிதக்கும். ஒவ்வொரு முறை தொடும்போதும் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் கோடு கோடாக இழுபடும். ஒரு சிட்டிகை என்றால் உண்மையாகவே ஒரு சிட்டிகை. கரண்டி நுனியில் எடுத்துப் போட்ட அன்று துண்டு கோப்பித் தூளில் விழுந்தெழும்பினது போல வந்தது.

இரண்டையும் கதவோடு பிடித்துப் பார்ப்பதிலேயே எனக்கு ஒரு வாரம் போனது. விறாந்தையில் காலை வெளிச்சத்தில் அம்பர் போட்ட துண்டு கதவோடு ஒன்றிவிட்டது. இரவு ரியூப் லைற்றில் அதுவே பச்சை அடித்தது. மஞ்சள் பல்ப்பில் திரும்பச் சரியானது. அலுமாரி நிற்கும் அறையில், அலுமாரி நிற்கும் இடத்தில், நிற்கிற வெளிச்சத்தில்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று விளங்கியது. அந்த அறைக்குக் கிழக்கு யன்னல், இரவில் மஞ்சள் பல்ப். ரியூப் லைற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போதுதான் மகள் துண்டை என் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். "அப்பா, இது வேற துண்டோ?" அதே துண்டு. தலைகீழானதும் ஒரு படி இருண்டுவிட்டது. திரும்ப நிமிர்த்தினால் வெளிறியது. முதிரையின் நார் நேராக ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். வெளிச்சம் ஒரு பக்கத்தால் நாருக்குள் போகும், மறு பக்கத்தால் நாரில் பட்டுத் தெறிக்கும். பலகையின் அடி எது, நுனி எது என்று பார்த்து எல்லாவற்றையும் ஒரே போக்கில் நிறுத்தவேண்டும். போய்க் கதவைப் பார்த்தேன். நடுப்பலகை இரண்டு துண்டு ஒட்டியது. இடது துண்டைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். இதற்கு எந்தப் பூச்சும் மருந்தில்லை.

மாசி பிறந்து, காற்றுக் காய்ந்ததும் வேலை தொடங்கியது. ஷெலாக்கில் இயல்பாகவே மெழுகு உண்டு. அந்த மெழுகுக்கு மேல் பொலியூரிதேன் கலந்த வார்னிஷ் சரியாகப் பிடிக்காது, பிறகு தோல் உரிந்த மாதிரி உரியும். நான் முதலில் வடித்தது கலங்கலோடு. அதனால் புதிதாக ஊறவைத்து, போத்தலை ஒரு வாரம் அசைக்காமல் வைத்தேன். அடியில் கஞ்சி மாதிரி மெழுகு இறங்கியது. மேலே கருந்தேநீர் நிறத்தில் தெளிவு. அந்தத் தெளிவை மட்டும் குழாயால் இறுத்தெடுத்தேன். கதவிலிருந்த பழைய ஷெலாக்கை ஸ்பிரிட்டாலும் மெல்லிய இரும்புக் கம்பளியாலும் துடைத்தெடுத்தேன். ஷெலாக்கின் பெரிய புண்ணியம் அது, பிழைத்தால் ஸ்பிரிட்டாலேயே திரும்பப் போகலாம். யன்னல் கதவெல்லாம் திறந்து வைத்துத்தான். அந்த மணத்தில் தலை சுற்றும்.

பிறகு தெளிந்த ஷெலாக் ஒரு தடவை, அம்பர்ச் சிட்டிகையோடு ஒரு தடவை, அது கலையாமல் இருக்கத் தெளிந்தது இன்னொரு தடவை. அடுத்த நாள் வார்னிஷ். முதல் தடவைக்கு டர்பன்டைன் கலந்து ஐதாக்கி, ஒரு நாள் காயவிட்டு, 320 பேப்பரால் மெல்லத் தடவி, இரண்டாம் தடவை. பளபளப்பானதே வாங்கினேன். மங்கல் வகையில் மங்கவைக்கும் தூள் ரின்னின் அடியில் போய்விடும். கலக்காமல் பூசினால் முதல் கதவு பளபளக்கும், கடைசிக் கதவு சாம்பல் பூசும். பளபளப்பைக் கையால் குறைப்பது எனக்கு எளிது.

குறைக்கத்தான் வேண்டியிருந்தது. நிறம் சேர்ந்த பிறகும் கதவு வேறு கதவாகவே தெரிந்தது. பழைய வார்னிஷ் பத்து வருடத் தூசியும் துணியும் பட்டு, பளபளப்பு உடைந்து, முட்டைக்கோது மாதிரி மினுங்குகிறது. புதியதில் யன்னல் அப்படியே தெரிகிறது, மூன்று கம்பியும் எண்ணலாம். மூன்று வாரம் இறுகவிட்டு, நான்கு பூச்சியம் போட்ட மிக மெல்லிய இரும்புக் கம்பளியில் தேன்மெழுகு தொட்டு, நாரின் போக்கிலேயே இழுத்தேன். மெழுகு காட்டுத்தேன் விற்கிற ஆளிடம் வாங்கியது. உருக்கி டர்பன்டைன் கலந்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும். பத்து இழுப்பு, நிறுத்திப் பழையதைப் பார்ப்பது, திரும்பப் பத்து இழுப்பு. யன்னல் கம்பிகள் கலங்கி, பிறகு யன்னலே ஒரு வெளிச்சத் துண்டாக மாறியதும் நிறுத்தினேன். நிறத்துக்கு ஐந்து மாதம் பட்ட பாட்டைவிட, இந்த அரை மணித்தியாலம்தான் இரண்டு கதவையும் ஒரு அலுமாரி ஆக்கியது.

ஐயா வந்து பார்த்தார். கதவைத் தொடவில்லை. அறை வாசலிலேயே நின்று, தலையை இடமும் வலமும் சாய்த்தார்.

"நடுவில ஒரு பலகை பிரட்டி ஒட்டியிருக்கிறாய் என்ன?"

"ஓம் ஐயா."

"காலமை தெரியும். பின்னேரம் தெரியாது."

அப்படியேதான் இருக்கிறது. காலையில் கிழக்கு யன்னலால் வெயில் வரும்போது அந்தப் பலகை ஒரு கோடாக இருண்டு தெரியும். பத்து மணிக்குப் பிறகு மறைந்துவிடும். புதுக்கதவின் வார்னிஷும் இன்னும் மஞ்சளாகும். அதை நினைத்தே அம்பரைச் சற்றுக் குறைத்துத்தான் பூசியிருந்தேன்.

கதவின் உட்பக்கத்தில், அந்தக் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, இரண்டாம் முறை ஷெலாக் பூச முன்னரே பென்சிலால் எழுதிவிட்டேன்: 'உள்ளே ஷெலாக் மட்டும். வெளியே ஷெலாக் மூன்று, நடுவில் அம்பர் ஒரு சிட்டிகை, மேலே எண்ணெய் வார்னிஷ் இரண்டு, மெழுகு. சோதிப்பதானால் வெளியே, அடிச்சட்டத்தில் சோதிக்கவும்.' இடது கதவின் உட்பக்கத்திலும் எழுதவேண்டும். அதற்கு அந்தப் பெடியன் அடித்தது எந்த வார்னிஷ் என்று அக்காவிடம் இன்னொருதரம் கேட்கவேண்டும்.